கலம் தன் அளவை அறியுமா? – ஒரு வினாவின் வரலாறு

கலம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிற் பொருள் பல. உண்கலம், மட்கலம் என்றவிடத்துப் பாத்திரத்தையும், மரக்கலம் என்றவிடத்துக் கப்பலையும், ஒரு கலம் நெல் என்றவிடத்துப் பன்னிரண்டு மரக்கால் கொண்ட அளவையையும் அது குறிக்கும். இலங்கையில் உயிரியலைத் தமிழிற் கற்றோர் யாவரும் உயிர்களின் அடிப்படை அலகுக்கு இச்சொல்லையே வழங்கி வந்துள்ளோம். 1665இல் றொபேட் ஹூக், தக்கையின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கி, தாம் கண்ட வெற்றிடங்களுக்குச் சிற்றறை என்னும் பொருள்படப் பெயரிட்டார். அறை என்பதினும் கலம் என்பது பொருத்தமான சொல் என்றே எனக்குத் தோன்றுகின்றது. அறைக்கு இன்ன அளவுதான் இருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை. கலம் என்ற சொல்லோ, கொள்வதையும் அளப்பதையும் ஒருங்கே உணர்த்தி நிற்கின்றது. உயிர்க்கலம் தன்னைத் தானே அளந்து கொள்கின்றதா, அளப்பின் எதனால் அளக்கின்றது என்ற வினாவின் வரலாற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் என்று விஞ்ஞான பீட நண்பர் ஒருவர் என்னிடம் வினவினார். அரசுகளுக்கும் நிலவுடைமைக்கும் வரலாறு உண்டு என்று ஒப்புக்கொள்பவர்கள், ஒரு வினாவுக்கும் வரலாறு உண்டு என்பதை ஏனோ எளிதில் ஏற்பதில்லை. ஒரு வினா எப்பொழுது கேட்கத்தக்கதாயிற்று, எப்பொழுது கைவிடப்பட்டது, யாரால் எந்த நோக்கத்தோடு மீண்டும் எடுக்கப்பட்டது என்பன வரலாற்று மாணவன் ஆராயத்தக்க விடயங்களே.

முதலில் வினாவைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு கலம் வளர்கின்றது; பின்னர் இரண்டாகப் பிரிகின்றது; பிரிந்த ஒவ்வொன்றும் மீண்டும் வளர்ந்து பிரிகின்றது. வளர்ச்சியும் பிரிவும் வெவ்வேறு செயல்கள். வளர்ச்சி உணவைப் பொறுத்தது. பிரிவோ கருவினுள் இருக்கும் நிறமூர்த்தங்கள் இரட்டித்து விலகுவதைப் பொறுத்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இசையாவிடின் நேர்வது யாது? ஒவ்வொரு தலைமுறையிலும் கலம் சரியாக இருமடங்காவதற்குப் பதிலாக ஐந்து வீதம் மாத்திரம் கூடுதலாக வளர்ந்து பிரிகின்றதெனக் கொள்வோம். இருபது தலைமுறைகளின் பின் அது தொடக்க அளவினும் இரண்டரை மடங்குக்கு மேற் பெருத்திருக்கும். நூறு தலைமுறைகளின் பின் நூற்றுமுப்பது மடங்கைத் தாண்டிவிடும். ஐந்து வீதம் குறைவாக வளரின் கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாது தேய்ந்தொழியும். நடப்பதோ இவ்விரண்டுமன்று. எலியின் ஈரற்கலமும் யானையின் ஈரற்கலமும் பருமனிற் பெரிதும் வேறுபடுவதில்லை. யானை பெரிதாயிருப்பது கலங்களின் எண்ணிக்கையாலேயே. ஆகவே ஏதோ ஒன்று வளர்ச்சியையும் பிரிவையும் பிணைத்து வைத்திருக்கின்றது.

இவ்வளவு வெளிப்படையான வினா, கலக் கொள்கையை வகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை என்பது வியப்பிற்குரியது. 1838இல் சிலைடனும் 1839இல் சுவானும், தாவரங்களும் விலங்குகளும் கலங்களால் ஆனவை என்று நிறுவினர். ஆயின் கலங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதில் அவர்கள் கொண்ட கருத்து வேறு. உப்புக் கரைசலிலிருந்து பளிங்கு படிவது போல, உருவமற்ற ஒரு பாயத்திலிருந்து முதலிற் கருவும், கருவைச் சூழக் கலமும் திரண்டு உருவாகும் என்று சுவான் எழுதினார். இக்கருத்தின்படி கலத்தின் தோற்றமும் வளர்ச்சியும் ஒரே செயலின் இரு கட்டங்களே. அவற்றை இசைவிக்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை. ஒரு கருத்துத் தவறாக இருக்கும்போது அது தவறான விடைகளைத் தருவதோடு நில்லாது, சில வினாக்களைக் கேட்கவே விடாது தடுத்தும் விடுகின்றது.

அத்தடையை நீக்கியவர் றொபேட் றேமக். கோழி முளையத்தின் குருதிக் கலங்களையும் தவளை முட்டையையும் ஆராய்ந்த அவர், 1850களின் முற்பகுதியில், கலம் என்பது முன்னிருந்த கலம் ஒன்றின் பிரிவாலேயே தோன்றும் என்று வற்புறுத்தினார். யூதராகிய அவர் மதம் மாற மறுத்தமையால் பேர்லினில் முழுப் பேராசிரியர் பதவியை ஒருபோதும் பெறவில்லை. அக்கருத்தைப் புகழ்பெற்ற இலத்தீன் வாசகமொன்றில் அடக்கி உலகறியச் செய்தவர் விர்ச்சோ. றேமக்குக்கு உரிய இடத்தை அவர் கொடுக்கவில்லை என்பது வரலாற்றாசிரியர் பலரின் குற்றச்சாட்டு. எவ்வாறாயினும், கலம் கலத்திலிருந்தே பாதியாய்ப் பிறக்கின்றது என்று ஒப்புக்கொண்ட கணத்திலிருந்துதான் நமது வினா கேட்கத்தக்கதாயிற்று. பாதியாவது உண்மையெனின், மீண்டும் முழுமையாவது எவ்வாறு? முழுமையாயிற்று என்று அறிவது எது?

முதல் விடை கேத்திரகணிதத்திலிருந்து வந்தது. பொருளொன்று பெருக்கும்போது அதன் கனவளவு நீளத்தின் மும்மடியாகவும் மேற்பரப்பு இருமடியாகவும் கூடுகின்றன. உணவு உட்புகுவது மேற்பரப்பினூடாக. அதைச் செலவிடுவது கனவளவு. எனவே பெருக்கப் பெருக்கக் கலம் பட்டினிக்கு ஆளாகும். பிரிந்தால் மேற்பரப்பு மீண்டும் போதியதாகும். 1860களில் ஹேபேட் ஸ்பென்சரின் எழுத்துக்களிற் காணப்படும் இவ்வாதம் பாடநூல்களில் நெடுங்காலம் குடியிருந்தது. பிரிவினால் விளையும் நன்மையை இது விளக்குகின்றது என்பது மெய்யே. ஆயினும் பிரிவைத் தொடக்கி வைப்பது எது என்பது பற்றி அது எதுவுங் கூறவில்லை. பயனைக் காரணமாக மயங்கும் இத்தகைய வாதங்களைச் சமூக வரலாற்றெழுத்திலும் நாம் நிறையக் கண்டிருக்கின்றோம்.

அளந்து விடைகாண முனைந்தோர் ஜேர்மனியில் தோன்றினர். ஸ்திராஸ்பர்கர் 1893இல், ஒரு கரு தன்னைச் சூழ்ந்த குறிப்பிட்ட எல்லைக்குட்பட்ட குழியவுருவையே ஆள வல்லது என்று எழுதினார். மொஸ்கோவில் கெரசிமோவ் என்பவர் ஸ்பைரோகைரா என்னும் பச்சை அல்காவைப் பிரிவின்போது குளிரூட்டி, ஒரு மகட்கலத்துக்குக் கரு முழுவதையும் சேரச்செய்து, மற்றையதைக் கருவற்றதாக்கினார். மிகுதியான கருவைப் பெற்ற கலம் வழமையினும் பெரிதாக வளர்ந்தது. போவெரி 1905இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் அழகானது. கடல் முள்ளெலியின் முட்டைகளிலிருந்து, வழமையான எண்ணிக்கையில் நிறமூர்த்தங்கள் கொண்ட குடம்பிகளையும், அதில் அரைவாசியும் இருமடங்கும் கொண்டவற்றையும் அவர் வளர்த்தார். நிறமூர்த்தங்கள் குறைந்த குடம்பியிற் கலங்கள் சிறியன, எண்ணிக்கையில் மிகுந்தன. நிறமூர்த்தங்கள் கூடியதிற் கலங்கள் பெரியன, எண்ணிக்கையிற் குறைந்தன. கருவுக்கும் கலத்துக்கும் இடையில் ஏதோ ஒரு விகிதம் பேணப்படுகின்றது என்பது இவையனைத்தாலும் புலப்பட்டது.

அவ்விகிதத்தைப் பிரிவுக்கே காரணமாக்கியவர் மியூனிச்சைச் சேர்ந்த றிச்சாட் ஹேர்ட்விக். 1903 முதல் அவர் வளர்த்தெடுத்த கொள்கை பின்வருமாறு: பிரிந்த கலம் வளரும்போது குழியவுரு விரைந்து பெருகுகின்றது, கரு பின்தங்குகின்றது. விகிதம் குலைகின்றது. குலைவு ஓர் எல்லையைத் தொடும்போது கலத்தினுள் ஒருவகை இழுவிசை நிலை தோன்றி, கருவை விரைந்து வளரச்செய்து, பிரிவைத் தூண்டுகின்றது. அவரது மாணவர் பொப்பொவ், பிசிர் கொண்ட ஒருகல உயிரி ஒன்றைப் பிரிவு முதற் பிரிவு வரை அளந்து இதற்கு ஆதாரம் தேடினார். இன்று இக்கொள்கையைப் பழைய தவறுகளுள் ஒன்றாக ஓரிரு வரிகளிற் கடந்து செல்வது வழக்கம். அது நியாயமன்று என்பது என் கருத்து. கலம் தன் அளவை ஒரு தனி எண்ணாக அறிய வேண்டியதில்லை, தன்னுள் இருக்கும் இரு பொருள்களின் ஒப்பீட்டை அறிந்தாற் போதும் என்னும் எண்ணம் முதன்முதலாக இங்குதான் தெளிவாக உருப்பெறுகின்றது. இவ்வெண்ணம் நூற்றாண்டு கடந்து வேறுருவில் மீண்டு வந்ததைப் பின்னர் காண்போம்.

ஹேர்ட்விக்கை மறுத்தவர் அமெரிக்கரான கொங்லின். கடல் நத்தை ஒன்றின் முட்டை பிளவுறுவதை அவர் கலம் கலமாக அளந்தார். அங்கு வளர்ச்சியே இல்லை. பெரிய முட்டை வளராமலே மீண்டும் மீண்டும் பிரிந்து சிறிய கலங்களாகின்றது. விகிதமோ கலத்துக்குக் கலம் பெரிதும் வேறுபட்டது. 1912இல் அவர் வந்த முடிவு, அவ்விகிதம் பிரிவின் விளைவேயன்றிக் காரணமன்று என்பது. அதன்பின் இவ்வினா மெல்ல ஒதுங்கிற்று. அக்காலத்து உயிரியலாளரின் கவனத்தை நிறமூர்த்தங்களும் பரம்பரையும் ஈர்த்துக்கொண்டன. அளவு பற்றிய வினா விடை காணப்பெற்று முடிந்ததன்று, கேட்பாரின்றிக் கிடந்தது.

அதைத் திறந்து காட்டிய பரிசோதனை, அளவை அறியும் நோக்கத்தோடு செய்யப்பட்டதன்று. பேர்லின்-டாலெமில் மக்ஸ் ஹார்ட்மன் என்பவர் மரணத்தைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். ஒருகல உயிரிகள் இறப்பற்றவை என்று வைஸ்மன் முன்னர் வாதிட்டிருந்தார். பிரிவதே ஒருவகை இறப்பு, தாய் அதிலே மறைந்து விடுகின்றதன்றோ என்று மறுத்தோரும் இருந்தனர். அவ்வாறாயின் பிரியாமலே ஓர் உயிரியை வாழவைக்க இயலுமா? ஹார்ட்மன் அமீபா ஒன்றை எடுத்து, அது பிரியத்தக்க பருமனை அணுகும்போதெல்லாம் அதன் குழியவுருவில் ஒரு துண்டை வெட்டி அகற்றினார். அமீபா காயம் ஆறி மீண்டும் வளர்ந்தது, மீண்டும் வெட்டினார். 1928இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, வெட்டப்படாத அமீபாக்கள் பக்கத்திலே பல தலைமுறைகளாகப் பிரிந்து பெருக, வெட்டப்பட்டது மாதக்கணக்கில் ஒருமுறையேனும் பிரியவில்லை.

தனியுயிரின் இறவாமை பற்றிய ஆய்வாகவே அவர் இதனை வெளியிட்டார். நமது வினாவைப் பொறுத்தவரை இதன் பொருள் வேறு. காலம் கடந்ததனால் மாத்திரம் கலம் பிரிவதில்லை. நேரம் எத்துணை சென்றாலும், உரிய பருமனை எய்தாத கலம் காத்திருக்கின்றது. கலத்தினுள் இருப்பது வெறும் மணிக்கூடு எனின் வெட்டுண்ட அமீபா எப்போதோ பிரிந்திருக்க வேண்டும். தத்துவ வினா ஒன்றைத் தேடிச் சென்றவர் தம் கையில் அகப்பட்ட வேறொன்றின் பெறுமதியைப் பிறர்க்கு விட்டுச் சென்றார். 1950களில் டேவிட் பிரெஸ்கொட், தனியொரு அமீபாவை நிறுக்கவல்ல நுண்தராசினால் இவ்வாய்வைத் தொடர்ந்தார். சமமற்றுப் பிரிந்த அமீபாக்களுள் சிறியது அடுத்த பிரிவுக்குக் கூடிய காலம் எடுத்துக்கொள்வதை அவர் கண்டார். அதே காலத்தில் லண்டனில் அல்மா ஹவார்டும் ஸ்டீபன் பெல்க்கும், கதிர்த்தொழிற்பாடுள்ள பொசுபரசை அவரை வேர்களுக்கு ஊட்டி, டீ.என்.ஏ. கலவாழ்வின் நடுவே ஒரு குறித்த காலப்பகுதியில் மாத்திரம் ஆக்கப்படுகின்றது என்று 1953இல் நிறுவினர். அதற்கு முன்னும் பின்னும் இடைவெளிகள் இருந்தன. அவ்விடைவெளிகளிற் கலம் எதற்காகக் காத்திருக்கின்றது என்ற வினா இயல்பாகவே எழுந்தது.

இதன்பின் வரலாறு பற்றீரியாவின் பக்கம் திரும்புகின்றது. கொப்பன்ஹேகனில் ஷெக்டர், மாலோ, கெல்கோர் ஆகிய மூவரும் 1958இல் வெளியிட்ட இரு கட்டுரைகள் வெளித்தோற்றத்திற் சாதாரணமானவை. சல்மொனெல்லாவை வளமான கூழிலும் வறிய கூழிலும் வளர்த்து, கலங்களின் எடையையும் எண்ணிக்கையையும் அளந்தனர், அவ்வளவே. வளமான உணவில் விரைந்து பெருகும் கலங்கள் பெரியன. வறிய உணவில் மெல்லப் பெருகுவன சிறியன. அதனினும் முக்கியமானது, உணவு எது என்பது பொருட்டன்று என்பதாகும். இருவேறு கூழ்கள் ஒரே வளர்ச்சி வீதத்தைத் தரின் கலங்களும் ஒரே அளவினவாயிருந்தன. வறிய கூழிலிருந்து வளமான கூழுக்கு மாற்றியபோது கலங்கள் விரைவிலேயே வேகமாக வளரத் தொடங்கின. பிரிவோ ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பழைய வீதத்திலேயே நடந்தது. இரு செயல்களும் வெவ்வேறு கயிறுகளில் ஆடுகின்றன என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

அந்த ஒரு மணித்தியாலத் தாமதத்துக்கு விளக்கம் பத்தாண்டுகளின் பின் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹெல்ம்ஸ்டெற்றர் ஓர் எளிய உபாயத்தைக் கையாண்டார். பற்றீரியாக்களை மென்சவ்வு வடியொன்றில் ஒட்டவைத்து, வடியைக் கவிழ்த்து, அதனூடு கூழை ஓடவிட்டார். ஒட்டிய தாய் பிரியும்போது ஒட்டாத சேய் கூழோடு கீழே வந்தது. இவ்வாறு ஒரே வயதுக் கலங்கள் கிடைத்தன. இவரும் கூப்பரும் 1968இற் காட்டியபடி, விரைந்து வளரும் ஈ. கோலை பற்றீரியாவில் டீ.என்.ஏ.யைப் படியெடுக்க ஏறத்தாழ 40 நிமிடமும், அது முடிந்தபின் பிரிவுக்கு 20 நிமிடமும் செல்லும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் கலம், தன் பேரர்களுக்கான படியெடுப்பையும் முன்கூட்டியே தொடங்கி வைத்திருக்கின்றது. அதே ஆண்டில் டொனக்கி இக்கணக்கையும் கொப்பன்ஹேகன் கணக்கையும் இணைத்து, படியெடுப்புத் தொடங்கும் தருணத்தில், தொடக்கப்புள்ளி ஒன்றுக்கு உரிய கலத்திணிவு எந்த வளர்ச்சி வீதத்திலும் ஏறத்தாழ மாறிலியே என்று காட்டினார். கலம் எதையோ அளக்கின்றது என்பது இப்போது எண்ணாற் சொல்லப்பட்டது.

கருவுடைய கலங்களைப் பொறுத்தவரை வினா மறுவாழ்வு பெற்ற இடம் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ. அங்கு மேர்டொக் மிச்சிசன் 1950கள் முதல் பிளவு மதுவத்தை ஆராய்ந்து வந்தார். கிழக்காபிரிக்காவின் தினைக் கள்ளிலிருந்து பெறப்பட்டமையால், கள்ளைக் குறிக்கும் சுவாகிலிச் சொல்லே இம்மதுவத்தின் இனப்பெயராயிற்று. இது ஒரு சிறு கோல் வடிவினது. அகலம் மாறாது நுனிகளில் மாத்திரம் வளர்ந்து, ஏறத்தாழ 14 மைக்கிரோமீற்றர் நீளத்தை எய்தியதும் நடுவே பிரிகின்றது. எனவே நீளத்தை அளந்தாற் பருமனை அளந்ததாகும். வினாவுக்கு ஏற்ற உயிரியைத் தேர்ந்தமையே பாதி விடை எனலாம்.

1970களின் முற்பகுதியில் அங்கு வந்து சேர்ந்த இளைஞர் போல் நேர்ஸ், பிரிய இயலாத விகாரிகளைத் தேடிக்கொண்டிருந்தார். பிரிய இயலாத கலம் வளர்ந்துகொண்டே போகும். ஆகவே நீண்ட கலங்களைத் தேடுவது முறை. அவர் கண்ணில் தற்செயலாகப் பட்டவை குட்டையான கலங்கள். ஒரு விகாரம் ஒரு செயலைக் கெடுத்துப் பிரிவை நிறுத்துவதில் விளங்காதது எதுவுமில்லை. பொறியின் எந்த உறுப்பு உடைந்தாலும் பொறி நிற்கும். பிரிவை முந்தச் செய்வது அவ்வாறன்று. உடைந்தபோது ஓட்டம் விரைவதாயின் உடைந்த உறுப்பு தடுப்பாக இருந்திருக்க வேண்டும். வெப்பநிலையைக் கூட்டியபோது இயல்பான நீளத்தின் ஏறக்குறைய பாதியிலேயே இவ்விகாரி பிரிந்தது. ஸ்கொத்லாந்துப் பேச்சில் சிறியது என்று பொருள்படும் 'வீ' என்ற சொல்லை இட்டு, 1975இல் அவர் இதனை வெளியிட்டார். கலத்தின் அளவு ஒரு பரம்பரையலகின் ஆட்சிக்கு உட்பட்டது என்பது அன்று முதல் பேசுபொருளாயிற்று.

பின்னர் கிடைத்த குட்டை விகாரிகள் ஏறக்குறைய அனைத்தும் அதே பரம்பரையலகைச் சேர்ந்தனவாகவே இருந்தன. ஒன்று மாத்திரம் வேறாயிருந்தது. பங்கசு படிந்து கெட்டுப்போன தட்டு ஒன்றில் அது இருந்ததென்றும், சலிப்போடு அத்தட்டைக் குப்பையில் எறிந்துவிட்டு வீடு சென்றபின் மனம் உறுத்தத் திரும்பி வந்து எடுத்ததாகவும் நேர்ஸ் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். எறியப்பட்ட தட்டிலிருந்த விகாரமே பிரிவை இயக்கும் தலைமைப் பரம்பரையலகைச் சுட்டிற்று. அப்பரம்பரையலகு செயலிழந்தாற் கலம் பிரியாது. ஒருவகையில் மாறினால் முந்திப் பிரியும். அதன் நொதியத்தை அடக்கி வைப்பதே 'வீ'யின் தொழில் என்பதும் தெளிவாயிற்று. 1987இல் மனிதக் கலத்திலும் அதே பரம்பரையலகின் இணை காணப்பட்டது.

அமெரிக்காவில் ஹார்ட்வெல் அரும்பும் மதுவத்தில் நடத்திய ஆய்வும், கடல் முள்ளெலி முட்டையில் ஹன்ட் 1982இற் கண்ட, ஒவ்வொரு பிரிவிலும் தோன்றி மறையும் புரதமும் இதனோடு இணைய, 2001ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது. இவ்வாய்வுகளின் பெருமையை நான் குறைத்துக் கூறவில்லை. ஆனால் வரலாற்று நோக்கில் ஒன்றைக் குறித்தல் வேண்டும். பரிசு பெற்றது பிரிவை இயக்கும் பொறி. நேர்ஸை அப்பொறியிடம் அழைத்துச் சென்றது குட்டையான கலம். அதாவது அளவு பற்றிய வினா. பொறி கிடைத்ததும் வினாவுக்கே விடை கிடைத்துவிட்டது என்ற எண்ணம் பரவிற்று. தடுப்பு எது என்று தெரிந்தது மெய்யே. கலம் போதிய நீளம் அடைந்துவிட்டது என்று அத்தடுப்புக்கு அறிவிப்பது எது என்பது அன்று தெரிந்திருக்கவில்லை. பரிசுகளை மைல்கற்களாக நட்டு எழுதப்படும் விஞ்ஞான வரலாறுகள் இவ்வாறான எச்சங்களைக் காணத் தவறிவிடுகின்றன.

பிற்காலத்தில் நிகழ்ந்த திருப்பம், வினாவின் வடிவத்தையே மாற்றிற்று. கலம் ஒரு குறித்த அளவை எய்தியதும் பிரிகின்றது என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1990களின் தொடக்கத்தில் வூர்ன், கொப்பஸ் ஆகியோர் பற்றீரியாவைப் பற்றி வேறொரு கருத்தை முன்வைத்தனர். அன்று அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. 2010இல் ஜுன் என்பவரும் அவரது குழுவினரும், ஒருபுறம் அடைபட்ட நுண்கால்வாய்களில் பற்றீரியாக்களை இருத்தி, தாய்க்கலம் ஒன்றை நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்கு இடைவிடாது நோக்கும் கருவியை அமைத்தனர். 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளில் இத்தகைய அளவீடுகள் வெளிவந்தபோது பழைய கருத்து உறுதி பெற்றது. பிறக்கும்போது பெரிதாயினும் சிறிதாயினும் கலம் ஏறத்தாழ ஒரே தொகையைச் சேர்த்துக்கொண்டு பிரிகின்றது.

இதன் நுட்பத்தைச் சிறு கணக்கால் உணரலாம். வழமையான கலம் 2 அலகாகப் பிறந்து, 2 அலகைச் சேர்த்து, 4இற் பிரிகின்றதெனக் கொள்வோம். ஏதோ பிசகினால் ஒன்று 3 அலகாகப் பிறந்துவிட்டது. காலத்தை மாத்திரம் எண்ணி இருமடங்காகும் கலமாயின் 6இற் பிரிந்து மீண்டும் 3 ஆகும்; பிசகு என்றும் தீராது. எல்லையளவை அறிந்த கலமாயின் 4இற் பிரிந்து ஒரே தலைமுறையில் 2இற்கு மீளும். சேர்க்கும் கலமோ 5இற் பிரிந்து 2.5 ஆகும், அடுத்து 4.5இற் பிரிந்து 2.25 ஆகும், அதன்பின் 2.125. பிசகு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகித் தேய்கின்றது. தன் மொத்த அளவு என்னவென்று இக்கலம் ஒருபோதும் அறிய வேண்டியதில்லை. பிறந்தபின் எவ்வளவு சேர்த்தேன் என்பதை மாத்திரம் அறிந்தாற் போதும். இக்கட்டுரையின் தலைப்பிலுள்ள வினா பற்றீரியாவைப் பொறுத்தவரை பிழையாகக் கேட்கப்பட்ட வினாவாக இருக்கலாம்.

பிளவு மதுவமோ வேறுவிதமானது. நீளமாகப் பிறந்தது குறைவாக வளர்ந்து உரிய எல்லையிற் பிரிகின்றது என்று பான்டெஸ் 1977இலேயே எடின்பரோவில் அளந்து காட்டியிருந்தார். அதற்கு அளவுகோல் வேண்டும். 2009இல் அது கிடைத்துவிட்டதென்றே பலர் எண்ணினர். கலத்தின் நுனிகளிற் செறிந்து நடுவை நோக்கிக் குறைந்து செல்லும் ஒரு புரதம், கலம் குறுகியிருக்கும்வரை நடுப்பகுதியையும் எட்டிப் பிரிவைத் தடுக்கின்றது, நீண்டதும் எட்டாது விட்டுவிடுகின்றது என்பது விளக்கம். கேட்க மிக இனியது. ஆயின் அப்புரதத்தை முற்றாக நீக்கிய கலங்களும் தம் அளவைப் பேணுகின்றன என்று 2013இல் நேர்ஸின் ஆய்வுகூடமே காட்டிற்று. அதன்பின் நடுப்பகுதியில் திரளும் வேறொரு புரதம் கலத்தின் மேற்பரப்பை உணர்த்துகின்றது என்ற கருத்து வலுப்பெற்றது. வெவ்வேறு அகலமுடைய விகாரிகளை ஒப்பிட்டு 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இம்மதுவம் நீளத்தையோ கனவளவையோ அன்றி மேற்பரப்பையே சார்ந்து பிரிகின்றது என்று கூறுகின்றது. மேற்பரப்பு என்றதும் ஸ்பென்சரை நினைத்து, அவர் அன்றே கண்டார் என்று சொல்ல நம்மவர் விழையக்கூடும். அவர் கூறியது பட்டினி பற்றி. இங்கு பேசப்படுவது ஒரு புரதத்தின் திரட்சி பற்றி. சொல் ஒன்றாயிருப்பதால் கருத்தும் ஒன்றாகிவிடாது.

ஹேர்ட்விக்கின் நிலை இதனினும் சுவையானது. பிளவு மதுவத்தில் டீ.என்.ஏ.யின் அளவைப் பதினாறு மடங்கு வரை மாற்றியபோதும் கருவுக்கும் கலத்துக்கும் இடைப்பட்ட கனவளவு விகிதம் குலையவில்லை என்று நியூமனும் நேர்ஸும் 2007இற் காட்டினர். விகிதம் உண்டு என்பதில் ஹேர்ட்விக் வென்றார். அது பிரிவின் காரணமன்று என்பதிற் கொங்லின் வென்றார். புற்றுநோயைக் கண்டறியக் கலங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர், கலத்தினுள் கரு அளவுக்கு மீறிப் பெருத்திருப்பதை இன்றும் ஓர் அறிகுறியாகக் கொள்கின்றார். அதே வேளை, இரு பொருள்களின் ஒப்பீட்டாற் கலம் தன் நிலையை அறியலாம் என்ற ஹேர்ட்விக்கின் எண்ணம் அரும்பும் மதுவத்தில் வேறுருவிற் புகுந்துள்ளது. பிரிவுக்கான தொடக்கத்தைத் தடுக்கும் ஒரு புரதம் கலம் வளரும்போது கூடுவதில்லை. கலம் பெருக்கப் பெருக்க அது ஐதாகி, தடை தளர்கின்றது என்று ஸ்கோதைமின் குழுவினர் 2015இல் எழுதினர். பால் அதே அளவாயிருக்க நீர் கூடிக்கொண்டு போவது போன்றது இது. இதனை மறுக்கும் அளவீடுகளையும் வேறு குழுவினர் வெளியிட்டுள்ளனர். 2020இல் முதற்குழுவினரே, மனிதக் கலத்திலும் வேறொரு தடுப்புப் புரதம் இவ்வாறே ஐதாகின்றது என்று காட்ட முற்பட்டனர்.

விலங்குக் கலங்களைப் பற்றிய விவாதம் 2003இல் லண்டனிலிருந்து கொன்லனும் றாஃபும் வெளியிட்ட கட்டுரையோடு கூர்மையடைந்தது. எலியின் நரம்புகளைப் போர்த்தி நிற்கும் ஒருவகைக் கலங்களை அவர்கள் வளர்த்து அளந்தனர். வறிய ஊடகத்திலிருந்து வளமான ஊடகத்துக்கு மாற்றியபோது, மதுவம் விரைவிற் புதிய அளவுக்கு மாறுவது போல இவை மாறவில்லை. பல பிரிவுகளின் பின்னரே மெல்ல மெல்ல மாறின. தன் அளவைச் சரிபார்த்துப் பிரிவைத் தாமதிக்கும் ஏற்பாடு இக்கலங்களுக்குத் தேவையில்லை, வளர்ச்சியையும் பிரிவையும் வெளியிலிருந்து வரும் வெவ்வேறு சைகைகள் ஆள்கின்றன என்பது அவர்களது வாதம். அதனை ஏற்காதோர் புதிய கருவிகளால் விலங்குக் கலங்களைத் தனித்தனியே நிறுத்தும் அளந்தும், சிறியனவாகப் பிறந்தவை காத்திருந்து வளர்கின்றன என்று பின்வந்த ஆண்டுகளில் எதிர்வாதம் செய்தனர். கொன்லனும் றாஃபும் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுத்த அக்கலங்களை முதலில் விவரித்தவர், பளிங்கு படிவது போலக் கலம் திரள்கின்றது என்று எழுதிய சுவான். அவை இன்றும் அவர் பெயராலேயே சுவான் கலங்கள் என வழங்குகின்றன.